‘ஃபெர்டைல் விண்டோ’: பெட்டை நாயைச் சேர்க்கும் நாளுக்கு ஒரு தமிழ்ச் சொல் தேவை

பாளையங்கோட்டை (கால்நடை மருத்துவர்):

எல்லோருக்கும் வணக்கம். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய் வளர்ப்பவர்களுக்காக ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். தடுப்பூசி, தீவனம், குடற்புழு எல்லாம் முடிந்துவிட்டன. பெட்டையை எந்த நாளில் ஆணோடு சேர்ப்பது என்கிற அத்தியாயத்தில் நிற்கிறேன். புரோஈஸ்ட்ரஸ், ஈஸ்ட்ரஸ், ஃபெர்டைல் விண்டோ மூன்றுக்கும் சொல் வேண்டும்.

பொருளைச் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டத்தில் பெட்டையின் பிறப்புறுப்பு தடித்து இரத்தம் கசியும். ஆண் நாய்கள் சுற்றி வரும், ஆனால் அது இடங்கொடுக்காது, திரும்பிச் சீறும். சராசரியாக 9 நாள். 3 நாளில் முடிவதும் உண்டு, 3 வாரம் நீள்வதும் உண்டு. அடுத்த கட்டத்தில் ஆணை ஏற்று நிற்கும். அதுவும் சராசரியாக 9 நாள், அதிலும் இதே ஏற்ற இறக்கம்.

மூன்றாவதுதான் சிக்கல். முட்டை வெளிவரத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் உச்சத்துக்கு ஏறி ஏறத்தாழ 2 நாளில் முட்டைகள் வெளிவருகின்றன. நாயில் அவை முதிராமலே வெளிவரும். முதிர மேலும் 2, 3 நாள். முதிர்ந்த பிறகு அதற்கு ஆயுள் இன்னும் 2, 3 நாள்தான். கரு பிடிக்கக்கூடிய அந்த நாட்களுக்குப் பெயர் வேண்டும். ‘வளச் சாளரம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். அதைப் படித்து நாய் வளர்க்கிறவர் என்ன புரிந்துகொள்வார்?

நாகர்கோவில் (விலங்கியல் பேராசிரியர்):

டாக்டர், புதிதாகத் தேட வேண்டியதில்லை. ஈஸ்ட்ரஸ் என்பதற்குச் சினைப்பருவம் என்ற சொல் வழக்கில் உள்ளது. முன்சினைப்பருவம், சினைப்பருவம், பின்சினைப்பருவம், சினையிலாப் பருவம் என்று வரிசையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு வேரிலிருந்து நான்கும் பிறந்தால் மாணவர்களுக்கு நினைவில் நிற்கும். மூன்றாவது சொல்லுக்கு ‘சினைப்பருவ உச்சம்’ போதும்.

கோவில்பட்டி (கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பவர்):

சார் கோவிக்கக் கூடாது. சினை என்றால் எங்களுக்கு வயிற்றில் குட்டி இருக்கிறது என்று பொருள். ‘முன்சினைப்பருவம்’ என்று போட்டால், சினை பிடித்து முதல் சில வாரம் என்றுதான் படிப்பார்கள். இங்கே பேச்சு வழக்கில் ‘நாய் சூட்டுக்கு வந்திருக்கு’, ‘ஹீட்டுல இருக்கு’, ‘கிராஸ் விட்டாச்சு’, ‘லாக் ஆயிருச்சு’ (சேர்ந்தபின் இரண்டும் ஒட்டி நிற்பது) அவ்வளவுதான். இரத்தம் கண்ட முதல் நாளிலிருந்து பதினொன்றாம் நாள் ஒரு தடவை, பதின்மூன்றாம் நாள் ஒரு தடவை விடு என்பது பெரியவர்கள் சொன்ன கணக்கு.

அந்தக் கணக்கில் நான் பட்டதையும் சொல்கிறேன். கருப்பும் செவலையுமான ஒரு கன்னிப் பெட்டை. பதினொன்று, பதின்மூன்று இரண்டு நாளும் நன்றாக நின்றது, லாக்கும் ஆனது. குட்டி இல்லை. அடுத்த பருவத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்தால் பதின்மூன்றாம் நாளிலும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமைத் தாண்டவில்லை. மூன்றாம் வாரத்தில்தான் ஏறியது. ஏறி இரண்டு நாள் பொறுத்து விட்டோம். ஏழு குட்டி. நிற்பது வேறு, பிடிப்பது வேறு என்று டாக்டரம்மா சொல்வது சத்தியம். அந்த இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடாதீர்கள்.

பாளையங்கோட்டை:

அண்ணாச்சி சொன்னதுதான் என் கவலையும். சினைப்பருவம் என்ற சொல்லை எடுத்தால் மாட்டின் கணக்கும் கூடவே வந்துவிடுகிறது. பசுவுக்குப் பருவம் 12 முதல் 18 மணி நேரம். காலையில் கத்தினால் மாலையில் சினை ஊசி, மாலையில் கத்தினால் மறுநாள் காலையில் சினை ஊசி என்பது நம் ஊரில் பால்மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் மனப்பாடம். அதே பழக்கத்தில், பெட்டை நின்ற அன்றைக்கே நாயைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். முட்டையே வந்திருக்காது. ஆண் நாயின் உயிரணு உள்ளே 5, 6 நாள்கூடத் தாக்குப்பிடிக்கும், அதனால் பல தடவை தப்பிப் பிழைத்துவிடுகிறது. உறைவிந்து என்றால் அந்தச் சலுகையும் இல்லை, ஒரு நாளுக்குள் கதை முடிந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல் தீர்க்க வேண்டும். முதல் கட்ட இரத்தத்தை ‘மாதவிடாய்’ என்று எழுதுகிறார்கள். பெண்களுக்குக் கரு தங்காதபோது வருவது அது. நாய்க்கு வருவது முட்டை வெளிவருவதற்கு முன்னால். இரண்டும் எதிர்த் திசை. தயவுசெய்து அந்தச் சொல் வேண்டாம்.

ஆழ்வார்திருநகரி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

அம்மா, சொல் தொழுவத்திலேயே கிடக்கிறது. பொலி. பொலிகாளை, பொலிகடா என்று சொல்லாத ஊர் உண்டா? பொலிதல் என்றால் செழித்தல், பெருகுதல். காளை பசுவைச் சேர்தலும் பொலிதலே. ஆகவே ‘பொலிநாள்’. வினைத்தொகை. முக்காலமும் உள்ளே அடங்கிவிடுகிறது.

வேரைக் கொஞ்சம் தொடர்ந்து போய்ப் பாருங்கள். களத்தில் தூற்றிக் குவித்த நெல்லுக்குப் பொலி என்று பெயர். அந்தக் களத்தில் பாடுவது பொலிபாடுதல். கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர், முதல் பெருகுவதால். கோயில் விளக்குக்கு ஆடு விட்டுச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறித்தார்களே, அந்த ஆடுகள் ஈன்று ஈன்று எண்ணிக்கை குறையாமல் நிற்கும் என்ற நம்பிக்கையில் எழுந்த தொடர் அது. நெல்லும் பொன்னும் ஆடும் ஒரே சொல்லால் பெருகுகின்றன. எங்கள் ஊரில் அவதரித்த நம்மாழ்வார் ‘பொலிக பொலிக பொலிக’ என்று மூன்று முறை வாழ்த்தினாரே. இவ்வளவு மங்கலமான வேரை விட்டுவிட்டு உச்சம், சாளரம் என்று எதற்கு அலைய வேண்டும்?

தென்காசி (அகராதிப் பணியில் இருப்பவர்):

ஐயாவின் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆனால் இரண்டு தடை.

ஒன்று, பொலிசை என்பதோடு பலிசை என்ற வடிவமும் கல்வெட்டுகளில் வருகிறது. அதைப் ‘பல்’ என்னும் வேரோடு சேர்ப்பதா, ‘பொலி’யோடு சேர்ப்பதா என்று முடிவு செய்யாமல் வட்டியை இங்கே சாட்சிக்கு அழைக்க முடியாது. இரண்டு, பொலி ஆணின் வினை. பொலிகாளை உண்டு, பொலிபசு இல்லை. நமக்கு வேண்டியது பெட்டையின் உடம்புக்குள் முட்டை முதிர்ந்த நேரம். ஆண் நாய் எந்நாளும் ஆயத்தம்தான். நாளைத் தீர்மானிப்பது பெட்டை.

என் பரிந்துரை ‘செவ்வி’. தக்க நேரம், பக்குவம், கனிந்த நிலை மூன்றையும் அது சொல்லும். ‘செவ்வி அறம்பார்க்கும்’ என்கிறது குறள். கருச்செவ்வி, சேர்க்கைச் செவ்வி என்று கூட்டியும் சொல்லலாம்.

கையேடு முழுக்கப் ‘பெட்டை’ என்று இருப்பதையும் கவனித்தேன். தொல்காப்பியத்தின் மரபியலில் நாய்க்கு உரிய பெண்பெயர் பிணவு. ‘பன்றி புல்வாய் நாயென மூன்றும்’ என்று தொடங்கும் நூற்பா. பிணவல் என்றாலும் சரி. ‘பாட்டி என்ப பன்றியும் நாயும்’ என்றும் இருக்கிறது. குட்டிக்குக் குருளை. நாய்க்கென்று இத்தனை சொல்லை நூற்பாவில் கட்டிவைத்த மொழியில், நாய்க் கையேடு ஒன்று அவற்றைத் தொடாமலே போவது வருத்தமாக இருக்கிறது.

பாளையங்கோட்டை:

ஐயா, குருளையை முன்னுரையில் ஒரு வரியாவது கொண்டுவருகிறேன், எனக்கும் ஆசைதான். பிணவு வேண்டாம், ‘பிணம்’ என்று அவசரத்தில் படித்துவிடுவார்கள். ‘பாட்டி நாயை எப்போது சேர்ப்பது’ என்று எழுதினால் கிழட்டு நாயைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றாகிவிடும். முதல் பருவத்தில் சேர்க்காதே, வயதான பிறகும் சேர்க்காதே என்பதையே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன்.

கோவில்பட்டி:

செவ்வி நல்ல சொல்தான். ஆனால் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அதைச் சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்கும் பிடிபடவில்லை. பெண் பிள்ளை பெயரா என்று கேட்டார்கள்.

நாங்கள் கரிசல்காட்டுக்காரர்கள். மழை பெய்த உடனே விதைக்க முடியாது, கால் வைத்தால் புதையும். விட்டுவிட்டால் வெடித்து இறுகிவிடும். நடுவில் சில நாள் மண் பொலபொலவென்று வரும், அதுதான் விதைப்பதம். பதம் தப்பினால் அந்த வருஷம் போச்சு. டாக்டரம்மா சொல்கிற முட்டைக் கணக்கைக் கேட்டதும் எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வந்தது. ‘நாய் சூட்டுல இருக்கு, இன்னும் பதம் வரலை’ என்றால் எங்கள் ஆட்களுக்கு வேறு விளக்கமே வேண்டாம்.

நாகர்கோவில்:

பதம் புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலைச்சொல் என்றால் ஒரு பொருளில் இறுக்கமாக நிற்க வேண்டும். பதம் என்றால் சொல் என்றும் பொருள். பகுபதம், பகாப்பதம் படித்த பிள்ளைகள் குழம்பாதா? அதோடு அது வடசொல் என்று நாளை ஒருவர் கிளம்புவார். ‘சூற்பதம்’ என்று குறுக்கிவிட்டால் என்ன?

தென்காசி:

சொல் என்னும் பொருளில் வருவதுதான் வடசொல். பக்குவத்தைக் குறிக்கும் பதத்தை அதோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். பாகு பதம், மண் பதம், சோற்றுப் பதம் என்று அடுப்படியிலும் வயலிலும் வேரோடிய சொல் அது. அதற்கு நான் எதிரி இல்லை. செவ்விக்கு நிகரான பேச்சுவழக்குச் சொல் பதம் என்றே சொல்லலாம். ஆனால் நூல் வழக்குக்குச் செவ்வி இருக்கட்டும் என்பதில் மாற்றமில்லை. வழக்கொழிந்த சொல்லை நாம் எடுத்து ஆளவில்லை என்றால் வேறு யார் ஆள்வார்கள்?

கோவில்பட்டி:

சூற்பதம் வேண்டாம் சார். நெல் சூல் கட்டினால் கதிர் உள்ளே வந்தாயிற்று என்று அர்த்தம். மறுபடியும் சினை கதைதான்.

பாளையங்கோட்டை:

எனக்கு நேரம் குறைவு, அதனால் முதல் கட்டத்துக்குக் கசிவுக் காலம், ஆணை ஏற்கும் கட்டத்துக்கு இசைவுக் காலம், கரு பிடிக்கும் நாட்களுக்குப் பதம் என்று வைத்து, எதைக் கண்டு எந்தக் கட்டத்தை அறிவது என்று எழுதியிருப்பதை இங்கே ஒட்டுகிறேன். சொற்கள் இந்த வாக்கியங்களில் உட்கார்கின்றனவா என்று பாருங்கள்.

‘பெட்டை அடிக்கடி நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், ஆகவே கசிவின் முதல் நாள் கண்ணில் படாமல் போகும். பருவம் நெருங்கும்போது படுக்கையில் வெள்ளைத் துணி விரித்து வையுங்கள். கசிவுக் காலத்தில் இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும். இசைவுக் காலத்தில் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வரும், தடிப்பு தளர்ந்து மெதுவாகும். வாலடியைக் கையால் தடவினால் வாலை ஒரு பக்கமாக ஒதுக்கிப் பின்காலை ஊன்றி நிற்கும். இவை இசைவின் அடையாளங்களே. பதம் வந்ததற்கு இவை சாட்சி அல்ல. சில பெட்டைகள் பதத்துக்கு வெகு முன்பே நிற்கும், சில கடைசிவரை நிற்காது.

பதத்தை அறியப் புரோஜெஸ்டிரான் சோதனை. நாயில் இது முட்டை வெளிவரும் முன்பே ஏறத் தொடங்குவதால் கணக்குக்கு உதவுகிறது. கசிவு தொடங்கி ஐந்தாறு நாளிலிருந்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, ஒரே ஆய்வகத்தில் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே என்றால் பொறுங்கள். 2-ஐ ஒட்டி வந்தால் எல்.எச். உச்சம். 5-ஐத் தாண்டினால் முட்டை வெளிவருகிறது. அதிலிருந்து இரண்டாம் நாள் சேர்த்து, ஒரு நாள் விட்டு மறுபடி சேர்க்கலாம்.’

பெட்டையின் பிறப்புறுப்பிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் பார்க்கும் சோதனையும் உண்டு. உட்கரு மறைந்த, விளிம்பு மடிந்த தட்டைச் செல்கள் நிறைந்தால் இசைவுக் காலம் என்று அறியலாம். வெள்ளையணுக்கள் திரும்பி வந்துவிட்டால் பதம் முடிந்தது. ஆனால் முட்டை என்று வெளிவரும் என்பதை அது முன்கூட்டிச் சொல்லாது.

பதத்துக்குப் பெயர் இருந்தால் குட்டி போடும் நாளையும் சரியாகச் சொல்லலாம். சேர்த்த நாளிலிருந்து எண்ணினால் 57 முதல் 72 வரை எங்கே வேண்டுமானாலும் விழும். முட்டை வெளிவந்த நாளிலிருந்து எண்ணினால் 63, ஒன்றிரண்டு நாள் முன்பின். அறுவை தேவைப்படும் பெட்டைக்கு அந்த வித்தியாசத்தில் குட்டிகளின் உயிர் இருக்கிறது.

நாகர்கோவில்:

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் பதம் உட்காருகிறது. கசிவுக் காலம், இசைவுக் காலம் இரண்டும் நன்று. பாடநூலுக்கு என் வரிசையைத்தான் வைத்துக்கொள்வேன், கையேட்டுக்கு உங்கள் விருப்பம்.

தென்காசி:

பதம் என்றே போங்கள். சொல்லடைவில் ‘பதம் – செவ்வி’ என்று ஒரு வரி சேர்த்தால் மகிழ்வேன்.

பாளையங்கோட்டை:

சேர்த்துவிட்டேன் ஐயா. கசிவுக் காலம், இசைவுக் காலம், பதம். பெரும்பாலோர் சரி என்றதால் இப்படியே அனுப்புகிறேன்.

ஆழ்வார்திருநகரி:

அச்சுக்குப் போகட்டும் அம்மா, தடுக்கவில்லை. ஆனால் நான் சம்மதித்ததாக எழுத வேண்டாம். பதம் நிலைமையைச் சொல்கிறது, நாளைச் சொல்லவில்லை. ‘பதம் வந்த நாள்’, ‘பதம் வந்து இரண்டாம் நாள்’ என்று நீங்களே நீட்டி எழுத வேண்டியிருக்கும். பொலிநாள் என்றால் நாள் உள்ளேயே இருக்கிறது. பொலி ஆணுக்கு மட்டும் உரியது என்ற தென்காசியாரின் வாதத்துக்கும் தனியாகப் பதில் எழுதுவேன், களத்துப் பொலிக்கு ஆண் பெண் ஏது?

அப்புறம் ஒன்று. ‘லாக்’ என்பதை யாருமே தொடவில்லை. ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணி வரை இரண்டும் பின்பக்கம் ஒட்டி நிற்கும்போது பிரித்து இழுக்கக் கூடாது என்று கையேட்டில் கட்டாயம் இருக்குமே, அங்கே எந்தச் சொல் போட்டிருக்கிறீர்கள்? பிணைப்பு என்பது என் கருத்து. பிணை, பிணா, பிணவு மூன்றும் அந்த வேர் என்று காட்ட முடியும், இரவு எழுதுகிறேன்.