எண்ணெய் லிட்டரா, கிலோவா? கணக்கில் சறுக்கிய கதைகள்

கணக்குப்பிள்ளை:
வீட்டு மளிகைக்கு எக்செல்லில் ஒரு கோப்பு வைத்திருக்கிறேன். விலையும் அளவும் போட்டால் எந்தக் கடையில் மலிவு என்று பச்சை நிறத்தில் காட்டும். பருப்பு, சர்க்கரை வரை வம்பில்லை. எண்ணெயில்தான் மாட்டினேன். ஒரு பாக்கெட்டில் 1 லிட்டர், 150 ரூபாய். இன்னொன்றில் 910 கிராம், 142 ரூபாய். எக்செல்லின் கன்வர்ட் ஃபார்முலாவில் கிராமை லிட்டராக்கப் பார்த்தேன்; பிழை காட்டியது. அது சொன்னது சரிதான், நான்தான் கேட்கவில்லை. தண்ணீர் நினைப்பில் 1000 கிராம் = 1 லிட்டர் என்று நானே எழுதிவிட்டேன். லிட்டர் பாக்கெட் பச்சையானது. மூன்று மாதம் அதையே வாங்கினோம். சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசு, லிட்டருக்கு ஏறத்தாழ 910 கிராம்தான் நிற்கும். அதாவது இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய். பாக்கெட்டுக்கு 8 ரூபாய் தண்டம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

அரிசிக்கடை:
எங்கள் பில்லிங் சாஃப்ட்வேரில் ‘1 மூட்டை = 25 கிலோ’ என்று என்றைக்கோ போட்டது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5% ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடை இருந்தால் வரி இல்லை. உடனே 26 கிலோ மூட்டைகள் இறங்க ஆரம்பித்தன. நான் சாஃப்ட்வேரைத் தொடவில்லை. 1300 ரூபாய் மூட்டைக்கு அடக்கம் கிலோ 52 என்று அது காட்ட, அதன்மேல் லாபம் வைத்து விற்றேன். உண்மையில் அடக்கம் 50. எதிர்க்கடையில் விலை குறைவு என்று ஆட்கள் அங்கே போனார்கள். ஸ்டாக் எடுத்தபோது அரிசி கூடுதலாக இருந்தது. எலி தின்று குறைந்தால் புரியும், அரிசி வளருமா? அப்புறம் 25ஐ 26 என்று மாற்றினேன், மிச்சமிருந்த பழைய மூட்டைகளும் 26 ஆகிவிட்டன! கடைசியில் 26 கிலோவைத் தனிச் சரக்காகவே பதிந்தேன்.

நியூஜெர்சிவாசி:
இங்கே அவுன்ஸ் தொல்லை. எடை அவுன்ஸ் 28.35 கிராம், திரவ அவுன்ஸ் 29.57 மில்லி. நான் எழுதிய நிரல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. தேன் பாட்டிலில் போடுவது எடை. 16 அவுன்ஸ் தேனை 473 மில்லி என்று காட்டியது. தேன் கனமானது, உள்ளே இருப்பது 320 மில்லி போலத்தான்.

கணக்குப்பிள்ளை:
நானும் இப்போது ஒவ்வொரு சரக்குக்கும் ‘லிட்டர் எடை’ என்று தனிக் கட்டம் போட்டுவிட்டேன். கீரைக் கட்டை மட்டும் யாராவது சொல்லுங்கள், எந்த அலகில் போடுகிறீர்கள்?