கேட்ட வசதிகளுடன் புதிய கார்: ஷோரூமில் இருப்பதை எடுப்பதா, காத்திருப்பதா?

ஏற்காட்டுவாசி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்திற்கு நான்கு மீட்டருக்கு உட்பட்ட, பெட்ரோலில் ஓடும் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்க முடிவு செய்து, சேலத்தில் உள்ள ஷோரூம்களுக்குச் சென்று வந்தோம். வயதான பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு அடிக்கடி சேலம் இறங்க வேண்டியிருப்பதால், மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மழைக்கால மூடுபனியிலும் நம்பி ஓட்டக்கூடிய வண்டியாக அது இருக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் தேவை. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் காக்கும் இ.எஸ்.சி., ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் நிறுத்தும் ஹில் ஹோல்டு, பின்கண்ணாடிக்கு வைப்பரும், அதில் படியும் ஈரப்படலத்தை நீக்கும் டீஃபாகரும் வேண்டும். சன்ரூஃபும் பெரிய திரையும் வேண்டாம்.

நாங்கள் கேட்பவை எல்லாம் நடுத்தர வேரியன்ட்டிலேயே (ஒரே மாடலில் வசதிகளைப் பொறுத்து மாறும் வகை) இருக்கின்றன. ஆனால் ஒரு ஷோரூமில், அந்த வேரியன்ட் வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்றும், உயர்ந்த வேரியன்ட் வெள்ளை நிறத்தில் தயாராக இருப்பதால் அதை எடுத்துக்கொண்டால் தள்ளுபடி தருவதாகவும் சொல்கிறார்கள். அதோடு, அவர்களுடைய துணைப்பொருள் தொகுப்பையும் காப்பீட்டையும் அவர்களிடமே எடுக்க வேண்டுமாம். அடிப்படை வேரியன்ட்டை வாங்கி மற்றவற்றை வெளியில் பொருத்திக்கொள்ளலாம் என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்கிறார். எது சரி என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோரிமேட்டு வாசகர்:

வணக்கம் ஐயா. அடிப்படை வேரியன்ட் யோசனையை முதலில் கைவிட்டுவிடுங்கள். நம் நாட்டில் பெரும்பாலான கார்களில் வசதிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. வேரியன்ட்டைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஆகவே, எவை தொழிற்சாலையிலிருந்தே வர வேண்டியவை, எவற்றைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் முக்கியம். இ.எஸ்.சி. என்பது ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் ஸ்டீயரிங் திரும்பும் கோணத்தையும் உணர்ந்து, தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கும் அமைப்பு. ஹில் ஹோல்டும் பெரும்பாலும் அதைச் சார்ந்தே இயங்குகிறது. இவற்றையும் ஏர்பேக்குகளையும் எந்தப் பட்டறையிலும் பிறகு சேர்க்க முடியாது. பின் வைப்பரைப் பொருத்துவதும் மோட்டார், தண்ணீர்க் குழாய், ஒயரிங் என்று நீளும் வேலை. சீட் உறை, தரைவிரிப்பு, பின்பக்க கேமரா, பாட்டுப் பெட்டி ஆகியவற்றை எப்போது வேண்டுமானாலும் வெளியில் வாங்கிக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒயரை வெட்டி இணைத்தால் மின்பாகங்களுக்கான வாரன்டி மறுக்கப்படக்கூடும் என்பதால், ஒயரை வெட்டாமல் செருகி இணைக்கும் கப்ளர் வழியாக மட்டுமே இணைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் ஏ.எம்.டி. (மேனுவல் கியரையே தானாக மாற்றும் வகை), சி.வி.டி., டார்க் கன்வர்ட்டர், இரட்டை கிளட்ச் என்று வெவ்வேறு அமைப்புகள் விற்கப்படுகின்றன. ஏ.எம்.டி.யில் கியர் மாறும்போது ஏற்படும் சிறு இடைவெளி, சுமையுடன் வளைவில் ஏறும்போது நன்றாகவே தெரியும். மேனுவல் நிலைக்கு மாற்றி ஓட்டினால் ஓரளவு சமாளிக்கலாம். இறங்கும்போது பிரேக்கையே நம்பியிருக்காமல், குறைந்த கியரில் எஞ்சினின் தடுப்பு விசையைப் பயன்படுத்த வேண்டும் என்பதால், கியரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி அந்த வண்டியில் எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். சேலம் ஐந்து ரோடு பாலத்தில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவதை டெஸ்ட் டிரைவ் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெற்றோரையும் அமரவைத்து, மலை அடிவாரத்திலிருந்து சில வளைவுகளாவது ஏறி இறங்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்க விரும்புகிறவர்கள் அனுமதிப்பார்கள்.

அஸ்தம்பட்டி:

உயர்ந்த வேரியன்ட்டின் விலை 10 லட்சத்தைத் தாண்டுகிறதா என்று பாருங்கள், ஏனெனில் தள்ளுபடியை வரி விழுங்கிவிடக்கூடும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கார்களுக்கான ஆயுட்கால வரி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம்; 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800 ரூபாய். விலையில் 20,000 ரூபாய் கூடினால் வரியில் மட்டும் 53,100 ரூபாய் கூடுகிறது. அதோடு, 10 லட்சத்தைத் தாண்டும் காருக்கு விற்பவர் 1 சதவீதத்தை வருமான வரியாக வசூலித்து உங்கள் பான் எண்ணில் செலுத்துவார். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கலில் ஈடுசெய்துகொள்ளலாம் என்றாலும், கையிலிருந்து முதலில் போவது போவதுதான். வேண்டாத சன்ரூஃபுக்காக இவ்வளவும் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

ஏற்காட்டுவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. உயர்ந்த வேரியன்ட் 10 லட்சத்தைத் தாண்டத்தான் செய்கிறது. நடுத்தர வேரியன்ட்டுக்கே முன்பணம் கட்டிக் காத்திருக்கலாம் என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம். காப்பீட்டையும் துணைப்பொருள்களையும் அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்பதை மறுக்க முடியுமா? புக்கிங் படிவத்தில் எவற்றை எழுதி வாங்க வேண்டும்?

ஓமலூர் ரோடு:

தாராளமாக மறுக்கலாம் ஐயா. காப்பீட்டை எந்த நிறுவனத்திடம் எடுப்பது என்பது வாங்குகிறவரின் உரிமை. புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். சொந்த சேதத்துக்கான காப்பீட்டை ஓராண்டுக்கு எடுத்தால் போதும். வெளியில் விலைப்புள்ளி வாங்கிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். பல இடங்களில் அதைப் பார்த்த பிறகு அவர்களே குறைத்துக்கொள்கிறார்கள். பில்லில் ‘ஹேண்ட்லிங்’ கட்டணம் என்று ஏதாவது சேர்த்திருந்தால், அது எதற்கு என்று கேட்டு நீக்கச் சொல்லுங்கள். துணைப்பொருள் தொகுப்பு கட்டாயம் என்று பிடிவாதமாகச் சொன்னால், அந்த நிபந்தனையை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தரத் தயங்குவார்கள். தந்தால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அனுப்பலாம், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

படிவத்தில் வேரியன்ட்டின் முழுப்பெயர், கியர் வகை, நிறம், தள்ளுபடித் தொகை, தயாரிப்பு ஆண்டு, உத்தேச டெலிவரி மாதம், ரத்து செய்தால் முன்பணம் எத்தனை நாளில் முழுமையாகத் திரும்பும் என்பது ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன தள்ளுபடி, விற்பனையாளர் வேலை மாறிப் போனால் அவருடனேயே போய்விடும். பெரும்பாலும் டெலிவரி நாளின் விலையே பொருந்தும் என்பதால், இடையில் விலை ஏறினால் என்ன செய்வார்கள் என்றும் கேட்டுவையுங்கள். அதே நிறுவனத்துக்கு ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் முகவர்கள் இருந்தால் அங்கும் விசாரியுங்கள். நீங்கள் கேட்கும் வண்டி அங்கே நின்றுகொண்டிருக்கக்கூடும். மார்கழியில் வண்டி எடுக்க வீட்டில் தடை இல்லையென்றால் ஆண்டு இறுதித் தள்ளுபடி கிடைக்கலாம், ஆனால் சில நாட்களில் அது முந்தைய ஆண்டு வண்டியாகிவிடும் என்பதை மறுவிற்பனை கருதி மனத்தில் கொள்ளுங்கள்.

வண்டி வந்ததும், பதிவுக்கு அனுப்பும் முன்பே, வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குச் சென்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சேஸிஸ் எண்ணை இன்வாய்ஸோடு ஒப்பிடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அவை தயாரிப்பு மாதத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பின் வைப்பர், டீஃபாகர், எச்சரிக்கை விளக்குகள் என ஒவ்வொன்றையும் இயக்கிப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மீதித் தொகையைச் செலுத்துங்கள். உங்கள் பெயரில் பதிவாகிவிட்ட வண்டியை மாற்றித் தரச் சொல்வது மிகவும் கடினம்.