நிலத்தின் முழு விலையைப் பத்திரத்தில் எழுதினால் நஷ்டம் அக்காளுக்கும் வருகிறது: என்ன செய்வது?

நெல்லைச் சகோதரன் (கேள்வி):

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற புஞ்சை நிலத்தை விற்பது குறித்து, எங்கள் சேகரத்தில் (பல சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவில்) யாரிடமும் கேட்கத் தயங்கிய ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். அந்த நிலத்துக்கு நானும் என் அக்காளும் மட்டுமே வாரிசுகள், ஆளுக்குப் பாதி. அரசின் வழிகாட்டி மதிப்புப்படி அதன் விலை 30 லட்சம் ரூபாய். வாங்க வந்திருக்கும் ஒருவர் 80 லட்சம் தருவதாகச் சொல்கிறார். ஆனால் கிரயப் பத்திரத்தில் 30 லட்சம் என்றுதான் எழுத வேண்டுமாம், மீதி 50 லட்சத்தை ரொக்கமாகக் கையில் தந்துவிடுவாராம். இன்னொருவர் முழுத் தொகையையும் வங்கி வழியாகச் செலுத்தி, பத்திரத்திலும் அதையே எழுதச் சம்மதிக்கிறார். ஆனால் அவர் தரும் விலை 72 லட்சம், அதற்கு மேல் ஒரு ரூபாயும் ஏற மாட்டார்.

என் பங்கு மட்டும் என்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. அக்காள் கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். வருகிற மே மாதம் மகளுக்குத் திருமணம் வைத்திருக்கிறார். நான் இரண்டாமவருக்கு விற்க வேண்டும் என்று நின்றால், அவருடைய பங்கில் 4 லட்சம் குறையும். வரி வந்தால் இன்னும் குறையும். "உன் பக்தியை உன் பங்கோடு வைத்துக்கொள்" என்று சித்தப்பா சொன்ன வார்த்தை நெஞ்சில் தைத்திருக்கிறது, ஏனென்றால் அதில் உண்மை இருப்பதாகவே எனக்குப் படுகிறது. என் மனச்சாட்சிக்கான விலையை அக்காளைக் கொடுக்கச் செய்வது நீதியாகுமா?

ஓய்வுபெற்ற வேதபாட ஆசிரியர்:

சகோதரரே, நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். பத்திரத்தில் பொய்த் தொகை எழுதலாமா என்பது ஒன்று. அதனால் வரும் நஷ்டத்தை யார் சுமப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரம் ஒரு நில விற்பனையைப் பற்றியதுதான். அனனியாவும் அவன் மனைவி சப்பீராளும் நிலத்தை விற்று, கிரயத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு, மீதியையே முழுத் தொகை என்று அப்போஸ்தலரிடம் காட்டினார்கள். அனனியா பணத்தில் ஒரு பங்கைத் தனக்கென்று வைத்துக்கொண்டதைப் பேதுரு குற்றமாகச் சொல்லவில்லை. விற்பதற்கு முன் நிலமும், விற்றபின் அதன் கிரயமும் அவன் வசத்தில்தானே இருந்தன என்றே கேட்கிறார். சப்பீராளிடம் அவர் கேட்ட கேள்வி, "நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள்" என்பது. "ஆம், இவ்வளவுக்குத்தான்" என்றாள் அவள். இதே கேள்வியைத்தான் சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் முன் வைக்கப்படும் பத்திரமும் கேட்கிறது. கிரயத் தொகை இவ்வளவு, அதை முழுவதும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கும் தாளில் நீங்களும் உங்கள் அக்காளும் கையெழுத்திட்டு, விரல்ரேகையும் பதித்து, சாட்சிகள் முன் ஒப்புக்கொள்கிறீர்கள்.

ஆபிரகாம் மக்பேலா குகையையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் வாங்கியபோது, நிலத்தின் சொந்தக்காரரான எப்பெரோன் அதை இலவசமாகவே தருவதாகச் சொல்லியும், ஊர்வாசலில் அந்த ஊராரான ஏத்தின் புத்திரர் கேட்க 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். எரேமியா ஆனதோத்தில் நிலம் வாங்கியபோதும் 17 சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்து, பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்தார். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த, அந்த நிலத்தால் உடனடியாக ஒரு பயனும் இல்லாத நேரம் அது. நிலத்தின் விலையை ஊரறியச் சொல்வது வேதத்தில் இவ்வளவு இயல்பான காரியமாக இருக்கிறது என்பதை நம்முடைய சபைகளில் போதிக்காமல் விட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

மார்த்தாண்டம் வியாபாரி:

ஆசிரியர் ஐயாவை மதிக்கிறேன். ஆனாலும் சம்மதிக்க முடியவில்லை. வழிகாட்டி மதிப்பை நிர்ணயித்தது அரசு. அந்த மதிப்புக்குரிய முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் அரசுக்குப் போய்ச் சேருகின்றன. அரசே இதுதான் விலை என்று சொல்லியிருக்கும்போது அதை எழுதுவது எப்படிப் பொய்யாகும்? நான் அறிந்த விசுவாசக் குடும்பங்களில் நிலம் விற்றவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் விற்றிருக்கிறார்கள். "மிஞ்சின நீதிமானாயிராதே" என்று பிரசங்கி 7:16லும் எழுதியிருக்கிறது. கணவரை இழந்த ஒரு சகோதரியின் வீட்டுத் திருமணத்துக்கான பணத்தைக் குறைத்துவிட்டு அதை நீதி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சகோதரர் இதையும் ஜெபத்தோடு யோசிக்க வேண்டும்.

மதுரைத் தணிக்கையாளர்:

நான் வரிக் கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன், திருச்சபை உறுப்பினனும்கூட. வியாபாரி ஐயா சொன்னதில் ஒரு திருத்தம் அவசியம். வழிகாட்டி மதிப்பு என்பது இதற்குக் கீழே காட்ட முடியாது என்ற அடித்தளமே தவிர, இதுதான் விலை என்ற அறிவிப்பு அல்ல. உண்மையான கிரயம் அதைவிட அதிகமென்றால் தீர்வையும் அந்த அதிகத் தொகைக்கே உரியது. 50 லட்சத்தை மறைப்பதால் வாங்குபவருக்கு 9 சதவீதம், அதாவது நாலரை லட்சம் மிச்சமாகிறது. அவர் 80 லட்சம் தர முன்வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்; கணக்கில் வராத பணத்தை நிலமாக மாற்றிக்கொள்ளும் வசதி இன்னொரு காரணமாக இருக்கலாம். அந்த வசதியைச் செய்துகொடுப்பவர்கள் நீங்களும் உங்கள் அக்காளுமே.

சட்டத்தின் பாரம் யார் தலையில் விழும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. நில விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டத்தில் தடை செய்யப்பட்டது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான தொகையை அபராதமாக விதிக்கலாம், அதுவும் கொடுத்தவருக்கு அல்ல, பெற்றவருக்கு. உங்கள் அக்காளின் பெயரில் 25 லட்சம் ரொக்கம் என்பது, பிற்காலத்தில் வாங்கியவர் வீட்டில் ஒரு வருமான வரிச் சோதனை நடந்தால், அக்காளின் பெயரிலேயே 25 லட்சம் அபராதமாகவும் மாறக்கூடும். அதுவரை அந்தப் பணத்தை வங்கியில் போடவும் முடியாது, போட்டால் எங்கிருந்து வந்தது என்று சொல்லவும் முடியாது.

நேர்மையாக விற்றால் வரி மிகுதியாக வந்துவிடும் என்ற அச்சத்தையும் சோதித்துப் பாருங்கள். அது உண்மையில் விவசாய நிலமாக இருந்து, மக்கள்தொகை 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சத்துக்குள் இருக்கும் நகராட்சி அல்லது மாநகராட்சியின் எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால், மூலதன ஆதாய வரியே (சொத்தை விற்ற லாபத்துக்கான வரியே) கிடையாது (சிறிய நகராட்சி, பேரூராட்சிகளுக்கு இந்தத் தூரம் 2 கிலோமீட்டர், நேர்கோட்டில் அளக்க வேண்டும்). அதற்குள் இருந்தாலும், தகப்பனார் 2001க்கு முன் வாங்கியிருந்தால் 1.4.2001 அன்றைய மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொண்டு, ஆதாயத்தில் 12.5 சதவீதம், அல்லது அடக்கவிலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிட்ட ஆதாயத்தில் 20 சதவீதம், இவற்றில் எது குறைவோ அதைக் கட்டலாம். அரசு அறிவித்த கடன் பத்திரங்களில் விற்ற 6 மாதத்துக்குள் முதலீடு செய்தால் ஆளுக்கு 50 லட்சம் வரை ஆதாயத்துக்கு விலக்கும் உண்டு. ஆனால் பணம் 5 ஆண்டுகள் முடங்கும் என்பதால் அது உங்களுக்குப் பயன்படும், திருமணச் செலவு இருக்கும் அக்காளுக்குப் பயன்படாது. விற்பதற்கு முன்பே ஒருவரிடம் கணக்கிட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி வாசகி:

வியாபாரி ஐயா காட்டிய வசனத்துக்கு அடுத்த வசனம் "மிஞ்சின துஷ்டனாயிராதே" என்றும், அதற்கடுத்தது தேவனுக்குப் பயப்படுகிறவன் இவை எல்லாவற்றினின்றும் காக்கப்படுவான் என்றும் சொல்கின்றன. அந்தப் பகுதியை முழுவதும் வாசிக்க வேண்டுகிறேன். ஆனால் அவருடைய கவலையை நான் தள்ளவில்லை. கணவரை இழந்த ஒரு பெண்ணின் வீட்டில் 4 லட்சம் என்பது என்ன என்று எனக்குத் தெரியும்.

அண்ணா, ஆசிரியர் ஐயா தொடாமல் விட்ட இரண்டாவது கேள்வியே உங்களுக்கு உண்மையான சோதனை என்று நினைக்கிறேன். சங்கீதம் 15இல் கர்த்தருடைய கூடாரத்தில் தங்குகிறவனைப் பற்றி, ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதவன் என்று சொல்லியிருக்கிறது. தனக்கு வரும் நஷ்டத்தைப் பற்றித்தான் அங்கே பேச்சு. பிறரைச் சுமக்க வைக்கும் நஷ்டத்தைப் பற்றி அல்ல. ஆபிராமுடைய (ஆபிரகாமின் முந்தைய பெயர்) மேய்ப்பருக்கும் லோத்துடைய மேய்ப்பருக்கும் வாக்குவாதம் வந்தபோது, மூத்தவரான ஆபிராம் தன் உரிமையைப் பேசாமல், நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்று தன் சகோதரன் மகனான லோத்துக்கு முதலில் தெரிந்துகொள்ள இடம் கொடுத்தார். நீர்வளமுள்ள யோர்தான் சமபூமி லோத்துக்குப் போயிற்று. ஆபிராம் அதைத் தன் இழப்பாக ஏற்றுக்கொண்டார்.

ஆகவே 72 லட்சத்துக்கு விற்று, அக்காளுக்கு 40 லட்சத்தைக் கொடுத்து, நீங்கள் 32 லட்சத்தை எடுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். அவருடைய பங்குக்கு வரி வந்தால் அதையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். முடியாத நிலை என்றால் இயன்ற அளவு செய்யுங்கள். கர்த்தர் இல்லாததைக் கேட்கிறவர் அல்ல. அப்படிச் செய்தால் சித்தப்பாவின் வார்த்தைக்கும் பதில் கிடைத்துவிடும், ஏனென்றால் உங்கள் பக்தியின் செலவு உங்கள் பங்கோடுதான் நிற்கும்.

இன்னொன்று. இதை அக்காளிடம் முடிவாகச் சொல்லாதீர்கள், கேள்வியாகக் கொண்டுபோங்கள். தையல் இயந்திரத்தோடு இத்தனை ஆண்டுகள் குடும்பத்தைக் கரைசேர்த்தவருக்கு உங்களைவிட அதிக விசுவாசம் இருக்கக்கூடும். தணிக்கையாளர் சொன்ன அபராதம் அவருடைய பெயரில் வரும் என்பதை அவருக்கு இதுவரை யாராவது சொன்னார்களா?

நெல்லைச் சகோதரன்:

யாரும் சொல்லவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை. நிலம் மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்கு அப்பால்தான் இருக்கும் என்று நம்புகிறேன். நேர்கோட்டுத் தூரத்துக்கும், நிலம் சாகுபடியில் இருப்பதற்கும் சான்று வாங்க நாளை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கிறேன். 32 லட்சத்தை எடுத்துக்கொள்வது பற்றி என் மனைவியிடம் பேசினேன். வீட்டுக் கடனை அடைக்க நினைத்திருந்த தொகை குறையும் என்றாலும் அவள் மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவருமாக அக்காள் வீட்டுக்குப் போகிறோம். வியாபாரி ஐயாவிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் கேள்வியை நான் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.