மேட் கிளியர் அடித்ததும் பிஎஸ்ஏ எம்20 வெளுத்துப்போச்சு: பெயின்டை உரிக்கணுமா?

கேள்வி (நுவரெலியா)

பிஎஸ்ஏ எம்20, இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரித்தானிய இராணுவ மோட்டார் சைக்கிள், 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல். ஸ்போக் போட்டோ எட்ச் (அமிலத்தால அரிச்சு வெட்டின மெல்லிய உலோகத் தகடு). அடியில அக்ரிலிக் ஒலிவ் டிராப் (மங்கின இராணுவப் பச்சை), மேல எனாமல் வாஷ் (பள்ளங்கள்ல நிழல் காட்டுற நீர்த்த பெயின்ட்). வாஷ் காய்ஞ்ச பிறகு லக்கர் மேட் கிளியர் (பளபளப்பில்லாத நிறமற்ற வார்னிஷ்) ஸ்ப்ரே டின்ல அடிச்சேன். பின்னேரம், வெளியில நல்ல மூடுபனி. கொஞ்ச நேரத்துல பெற்றோல் டேங்க், மட்கார்ட் எல்லாம் ஒரே சீரா வெளுத்துப்போச்சு. ஸ்போக் ஹப்ல சேர்ற இடத்துல மட்டும் வெள்ளைத்தூள் தேங்கி நிக்குது. என்கிட்ட ஏர்பிரஷ் (காத்தழுத்தத்துல பெயின்ட் தூவுற கருவி) இல்ல. காட்சி 1944, பேராதனையில இருந்த நேச நாட்டுப் படைத் தலைமையகத்துக்குச் செய்தி கொண்டுபோற டெஸ்பாட்ச் ரைடர். சேறு எப்படிப் பூசுறதுன்னும் சொல்லுங்க.

பதில் 1 (ஹட்டன்)

உரிக்காதீங்க தம்பி. உங்க வண்டியில இருக்கிறது ரெண்டு வேற பிரச்சினை.

டேங்க்ல சீரா வெளுத்தது ஈரத்தால. லக்கர்ல உள்ள கரைப்பான் வேகமா ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காத்துல ஈரம் நிறைஞ்சிருந்தா அந்தக் குளிர்ச்சியில நீர் படிஞ்சு, படலம் இறுகும்போது உள்ளேயே மாட்டிக்கும். ஹப்ல தேங்கினது மேட் தன்மைக்காகக் கலக்கிற சிலிக்காத் தூள். டின்னைச் சரியா குலுக்காம அடிச்சாலோ, ஒரே இடத்துல கனமா அடிச்சாலோ அது மூலையில ஒதுங்கும்.

முதல்ல நல்ல பிரஷ்ல தண்ணி தொட்டு, வெளுத்த இடத்துல தடவிப் பாருங்க. ஈரமா இருக்கும்போது வெள்ளை மறைஞ்சா, கிளாஸ் கிளியர் (பளபளப்பான வார்னிஷ்) அடிச்சாலும் மறையும். தண்ணி முழுசா காய்ஞ்ச பிறகுதான் அடுத்த வேலை.

ஏர்பிரஷ் இருந்தா லெவலிங் தின்னர மட்டும் 1 பார் அழுத்தத்துல மெல்லிசா தூவச் சொல்வேன். அதுல உள்ள ரிட்டார்டர், அதாவது காயிறதைத் தாமதிக்கிற கரைப்பான், மெதுவா ஆவியாகும். அது படலத்தை இளக்கி, உள்ள மாட்டின நீரை வெளிய விடும்.

பதில் 2 (பண்டாரவளை)

தின்னர் தூவுறதுல எனக்கு உடன்பாடில்ல அண்ணே. அடியில இருக்கிறது அக்ரிலிக். லக்கர் தின்னர் ஒரு துளி கூடினாலும் கிளியரைத் தாண்டிப்போய் அதையும் கரைக்கும், வாஷும் கலங்கும். டின்ல வர்ற கிளாஸ் கிளியரே போதும், அதிலயும் கரைப்பான் இருக்கு, படலத்தை அதுவே இளக்கும். 20 – 25 செ.மீ. தள்ளி நின்னு, நனையாத அளவுக்கு ரெண்டு தடவை, நடுவுல 15 நிமிஷ இடைவெளி. முதல்ல டேங்குக்கு அடிப்பக்கம் சோதிங்க. மறுநாள் மேட்.

நாளும் நேரமும்தான் முக்கியம். ஈரமானி 70 வீதத்துக்கு மேல காட்டினா லக்கர் டின்னைத் தொடவேண்டாம். நுவரெலியாவுல ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும், முற்பகல் பதினொரு மணிக்கு மேல, மூடுபனி இறங்க முந்தி அடிக்கலாம். விடியக்காலை வெயில் பளிச்சுன்னு இருந்தாலும் பொருள் குளிர்ந்திருக்கும், அப்போ வேண்டாம். தென்மேல் பருவக்காத்து வீசுற மாசங்கள்ல ஹட்டன், நுவரெலியாப் பக்கம் மழை. பண்டாரவளை இருக்கிற ஊவாப் பக்கம் அதே நேரம் காய்ஞ்சு கிடக்கும், எங்களுக்கு அதுதான் பெயின்ட் சீசன்.

டின்னை 40 பாகை வெந்நீர்ல ஐஞ்சு நிமிஷம் வையுங்க, கை பொறுக்கிற சூடுதான். அடுப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. ரெண்டு நிமிஷம் விடாம குலுக்குங்க. அடிச்சு, வாடை போன பிறகு மாடலை ஒரு பெட்டிக்குள்ள வச்சு, பழைய 40 வாட் குண்டு பல்பு ஒண்ணைத் தள்ளி எரியவிடுங்க. எல்இடி பல்புல அந்தளவு சூடு வராது. உள்ளே 35 பாகை போதும், ரொம்பச் சூடானா பிளாஸ்டிக் வளையிற பயம் இருக்கு. கரைப்பான் ஆவி இருக்கும்போது பல்பைப் போட்டா தீப்பிடிக்கலாம்.

கேள்வி கேட்டவர்

தண்ணி தடவினா டேங்க்லயும் ஹப்லயும் மறையுது. ஆனா ஹப்ல தூள் கட்டியாவே இருக்கு.

பதில் 1 (ஹட்டன்)

ஹப்புக்கு டின் வேண்டாம். கிளாஸ் கிளியரை ஒரு மூடியில தெளிச்சு எடுத்து, மெல்லிய பிரஷ் நுனியால கட்டிமேல மட்டும் வையுங்க. தேய்க்காதீங்க, ஸ்போக் வளைஞ்சிரும். தின்னர் விஷயத்துல பண்டாரவளை சொன்னது சரி, டின் மட்டும் இருக்கிறவங்களுக்கு அதுதான் பாதுகாப்பு.

பதில் 3 (கண்டி)

சேத்துக்குப் போறதுக்கு முந்தி நிறத்தைப் பாருங்க. நேச நாடுகளோட தென்கிழக்காசியக் கட்டளையகம், அதாவது உங்க காட்சியில வர்ற தலைமையகம், பேராதனைக்கு வந்தது 1944 ஏப்ரல்ல. ஒலிவ் டிராப், அதாவது பிரித்தானிய இராணுவ நிற எண் எஸ்சிசி 15, பிரித்தானிய வாகனங்களுக்கு அறிவிக்கப்பட்டதும் அதே மாசம்தான். ஏற்கெனவே இங்க ஓடிக்கிட்டிருந்த வண்டிக்கு பழுப்பு எஸ்சிசி 2 இன்னும் பொருந்தும். திருப்பி அடிக்க மனசில்லன்னா காட்சியை 1945க்குத் தள்ளுங்க, யாரும் குறை சொல்ல முடியாது. ஹேண்டில் கிரிப்பைக் கறுப்பாக்காதீங்க: 1942ல மலாயா விழுந்து றப்பர் தட்டுப்பாடு வந்ததும் கன்வஸ் கிரிப்தான் போட்டாங்க. மங்கின காக்கி அடிங்க.

மேட் கிளியர் காய்ஞ்ச பிறகுதான் சேறு. பிக்மென்ட் (உலர்ந்த நிறத்தூள்) மேல வார்னிஷ் அடிச்சா பறக்கும், ஒட்டினதும் கறுத்துப்போகும். பேராதனைப் பக்கம் செங்கபில மண். தோட்டத்து மண்ணை எடுத்தா பழைய சட்டியில வறுத்து ஈரத்தையும் உயிரையும் போக்கணும், இல்லாட்டி இந்தக் குளிர்ல பூஞ்சணம் பிடிக்கும். டீ வடியால ஒரு தடவை, மெல்லிய துணியால ஒரு தடவை சலிங்க. 1/35ல அரை மி.மீ. பரல் ஒண்ணு 17.5 மி.மீ. கல்லுக்குச் சமம், அது சக்கரத்துல ஒட்டாது.

மண்ணோட அக்ரிலிக் மேட் மீடியம் (பளபளப்பில்லாம ஒட்டவைக்கிற நிறமற்ற பசை) கொஞ்சம் கலந்து களியாக்குங்க. மட்கார்டோட உள்பக்கம், கிராங்க் கேஸ் முன்பக்கம், பின்பெட்டிக்குக் கீழ்ப்பக்கம் அப்புங்க. டயர்ல பள்ளங்கள்ல மட்டும், றோட்டைத் தொடுற மேடு சுத்தமா இருக்கட்டும். காய்ஞ்சதும் அதே மண்ணைத் தூளா தூவி, எனாமல் தின்னர் ஒரு சொட்டு விடுங்க. வெளிறிய நிறத்துல காயும்.

எண்ணெய்க் கறை சேத்துமேலதான் வரணும். பின்சங்கிலி இடப்பக்கம் ஓடுது, அதனால பின்சக்கர இடப்பக்கம் கொஞ்சம் கறுத்த எனாமல். சைலென்சர் வலப்பக்கம். அதுல சிலிண்டர்கிட்ட சூட்டுப் பழுப்பு, பின்னுக்குப் போகப் போக மெல்லிய துரு.