நாளைக்குப் பத்தாயிரம் கட்டலாமா?

குழு: ராஜபாளையம் வீடு
ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

மீனா, காலை 8.40
எல்லாரும் இருக்கிறீர்களா? ஒரு அவசரம். ஒரு தனியார் பல்கலைக்கழகத்திலிருந்து நேற்று வீட்டுக்கே ஆள் வந்தார்கள். ஃபின்டெக்கும் குவான்ட் ஃபைனான்ஸும் சேர்ந்த பி.பி.ஏ. படிப்பாம். யாழினி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் குவான்ட் வேலைக்கு இதுதான் நேர் வழி என்கிறார்கள். விடுதியோடு மூன்று வருடத்துக்கு 14 லட்சம். நாளைக்குள் பத்தாயிரம் கட்டினால் சீட் உறுதியாம், இல்லையென்றால் சலுகை போய்விடுமாம்.

செந்தில், 8.52
மில்லில் இருக்கிறேன், ஷிப்ட் முடிய மதியம் இரண்டு மணி ஆகும். 14 லட்சம் என்றால் லோன்தான். பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்பதை இல்லையென்று சொல்ல மனசு வரவில்லை. பிரபு, நீ அந்தத் துறையில்தானே இருக்கிறாய், சொல்லப்பா.

பிரபு, 9.05
சித்தப்பா, பத்தாயிரத்தைக் கட்டாதீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். மற்றதைச் சாப்பிட்டுவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

தாத்தா, 9.11
அது என்ன வேலை பிரபு? பாங்க் வேலையா, கம்ப்யூட்டர் வேலையா?

பிரபு, 9.34
இரண்டும்தான் தாத்தா, ஆனால் அடியில் இருப்பது கணக்கு. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறவருக்கு ஆறு மாதம் கழித்து டாலர் வரும். அதற்குள் டாலர் விலை இறங்கிவிட்டால் அவருக்கு நஷ்டம். எவ்வளவு இறங்கினாலும் இந்த விலைக்கு நான் வாங்கிக்கொள்கிறேன் என்று வங்கி வாக்குக் கொடுக்கும். இதற்குப் பெயர் ஆப்ஷன். அந்த வாக்குக்கு இன்றைக்கு என்ன விலை வைப்பது? குறைத்து வைத்தால் வங்கிக்கு அடி, கூட்டி வைத்தால் அவர் அடுத்த வங்கிக்குப் போய்விடுவார். இதைக் கணக்கிடும் சமன்பாட்டை 1973-ல் பிளாக், ஷோல்ஸ் இருவரும் வெளியிட்டார்கள். அதே வழியில் உழைத்த மெர்ட்டனுக்கும் ஷோல்ஸுக்கும் 1997-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. பிளாக் அதற்குள் இறந்துவிட்டார். இந்த மாதிரிக் கணக்குகளைப் போடுகிறவர்தான் குவான்ட். போட்ட கணக்கு சரியா என்று சோதிப்பது என் வேலை, மாடல் வேலிடேஷன் என்பார்கள்.

முருகன், 9.41
அப்படியென்றால் ஆப்ஷன் டிரேடிங்தானே? நானே போனில் இரண்டு வருடம் செய்தேன். மீனாவுக்குத் தெரியும், வீட்டு மனைக்கு வைத்திருந்த பணம் அதில் போனது. பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள்.

பிரபு, 9.50
மாமா, நீங்கள் இதைச் சொன்னது நல்லது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் ஒரு ஆய்வு வெளியிட்டது. மூன்று வருடத்தில் எஃப் அண்டு ஓ-வில், அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனி நபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். எதிர்ப்பக்கம் லாபம் பார்த்ததில் பெரும்பங்கு கணினி வைத்து வியாபாரம் செய்கிற பெரிய நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது. போனில் சார்ட் பார்ப்பதும் இதுவும் ஒன்றல்ல. யாழினி கேட்பது கணக்குப் போடும் வேலை.

யாழினி, 9.58
ஆமாம் மாமா, எனக்கு டிரேடிங் வேண்டாம். நிகழ்தகவு பாடம் நடத்தியபோதுதான் இந்த ஆசையே வந்தது. பிரபு அண்ணா, அந்த பி.பி.ஏ. பாடத்திட்டத்தைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன், பாருங்கள்.

பிரபு, 10.20
பார்த்தேன். மூன்று வருடத்தில் கணக்கு என்று இருப்பது இரண்டே தாள், அதுவும் வணிகக் கணிதம். மீதியெல்லாம் மேனேஜ்மென்ட், மார்க்கெட்டிங், தலைமைப் பண்பு. லீனியர் அல்ஜிப்ரா இல்லை, நிகழ்தகவு ஒரு அலகோடு முடிகிறது. படிப்பின் பெயரில் ஃபைனான்ஸ் இருக்க வேண்டிய அவசியமே இல்லை, சித்தி. எங்கள் குழுவில் இருப்பவர்கள் கணிதம், புள்ளியியல், இயற்பியல், இன்ஜினியரிங் படித்தவர்கள். ஃபைனான்ஸை வேலைக்கு வந்த பிறகு ஒரு வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். கணக்கை அப்படிக் கற்க முடியாது.

யாழினி, இந்தக் கேள்வியைப் பார். என் முதல் இன்டர்வியூவில் கேட்டது, எனக்குத் தெரியாமல் அந்த வேலை போனது. நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருக்கிறாய். அடுத்தடுத்து தலை-தலை விழும்வரை சராசரியாக எத்தனை தடவை சுண்ட வேண்டும்? தலை-பூ விழும்வரை எத்தனை?

யாழினி, 10.24
இரண்டும் ஒன்றுதானே அண்ணா? இரண்டுக்கும் வாய்ப்பு கால் பங்கு.

பிரபு, 10.26
நானும் அதைத்தான் சொன்னேன். தப்பு. தாத்தாவிடம் ஐந்து ரூபாய் நாணயம் வாங்கிச் சுண்டிப் பார்.

சாந்தி, 10.45
இப்போதுதான் போனைப் பார்க்கிறேன். மீனா, கல்லூரியில் கணக்கு நடத்துகிறவள் என்கிற முறையில் சொல்கிறேன், பிரபு சொல்வது சரி. ஆனால் செலவைப் பார்ப்போம். பிரபு, பிள்ளைக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று எழுது, விட்டதை நான் சொல்கிறேன்.

பிரபு, 11.15
சரி அத்தை. முதல் வழி ஐ.எஸ்.ஐ., அதாவது இந்தியப் புள்ளியியல் நிறுவனம். மகலனோபிஸ் 1931-ல் தொடங்கியது. கொல்கத்தாவில் புள்ளியியலுக்கு பி.ஸ்டாட்., பெங்களூரில் கணிதத்துக்கு பி.மேத். பட்டப்படிப்புகள் இருக்கின்றன. கல்விக் கட்டணம் கிடையாது. ஒழுங்காகத் தேறிக்கொண்டிருந்தால் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்து வருகிறார்கள், இந்த வருட விவரக் குறிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். நுழைவுத் தேர்வு மே மாதம். 30 கேள்விகள் கொள்குறி வகை, அப்புறம் 8 கேள்விகளுக்கு விரிவாக நிறுவிக் காட்ட வேண்டும். கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஆனால் பாடம் பன்னிரண்டாம் வகுப்பு அளவுதான், யோசனைதான் ஆழமாகக் கேட்பார்கள். பழைய வினாத்தாள்களை அவர்களே இணையத்தில் போட்டிருக்கிறார்கள்.

அதே மே மாதத்தில் சிறுசேரியில் இருக்கும் சி.எம்.ஐ., சென்னை கணிதக் கழகம், அதற்கும் தேர்வு. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த பி.எஸ்சி. ஹானர்ஸ். இரண்டுக்கும் ஒரே தயாரிப்புதான்.

மீனா, 11.22
தமிழ் மீடியம் பிள்ளை, பிரபு. கேள்வித்தாள் இங்கிலீஷில்தானே வரும்? கிடைக்காவிட்டால்?

பிரபு, 11.30
இங்கிலீஷில்தான் சித்தி. கணக்குக் கேள்வியில் வரும் வார்த்தைகள் முந்நூறு இருந்தால் அதிகம். நான்கு மாதத்தில் பழகிவிடலாம், நான் வாரம் ஒருநாள் உட்காருகிறேன். கிடைக்காவிட்டால் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணமே இல்லை, மற்ற கட்டணங்கள் சில ஆயிரம்தான். யாழினி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, அதனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும்.

அதோடு ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்தையும் சேர்த்துப் படிக்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-லேயே யு.ஜி.சி. அனுமதி கொடுத்துவிட்டது. ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நான்கு வாரம் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பார்கள். எடுக்கிற பாடத்துக்கு மட்டும் பணம், குடும்ப வருமானத்தையும் பிரிவையும் பொறுத்து 75 சதவீதம் வரை சலுகை உண்டு. பைத்தான், புள்ளியியல் எல்லாம் அங்கே முதல் நிலையிலேயே வந்துவிடும்.

சாந்தி, 11.48
இங்கே நான் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பி.எஸ்சி. என்றால் சேர்த்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. என் வகுப்பில் நன்றாகக் கணக்குப் போடும் பிள்ளைகள் எத்தனையோ பேர், மூன்றாம் வருடம் வந்ததும் வேறு வழி தெரியாமல் பி.எட். போகிறார்கள். பி.எட். குறைவான படிப்பு இல்லை, விரும்பிப் போனால் சந்தோஷம். வழி தெரியாமல் போவதுதான் எனக்கு வலிக்கிறது. முதல் வருடத்திலிருந்தே கோடிங், இரண்டாம் வருடத்திலிருந்து ஜாம், அதாவது ஐ.ஐ.டி. எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குத் தயாரிப்பு. ஜாமில் கணிதப் புள்ளியியல் என்று தனித் தாள் இருக்கிறது. அதில் தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி., பி.டெக். கட்டணத்தைவிட அது மிகவும் குறைவு.

அப்புறம் பிரபு, நீ ஒன்றை விட்டுவிட்டாய். 7.5 சதவீத ஒதுக்கீடு! 2021-லிருந்து இன்ஜினியரிங்குக்கும் உண்டு. அரசுப் பள்ளிப் பிள்ளை, கவுன்சிலிங்கில் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும்.

பிரபு, 11.55
அத்தை, நிஜமாகவே மறந்துவிட்டேன். அது மிக நல்ல வழி. கிண்டியில் கணினி அறிவியல் கிடைத்தால் நல்ல நிறுவனங்கள் கேம்பஸுக்கே வரும். விருப்பப் பாடங்களைக் கணக்குப் பக்கமாக எடுத்துக்கொள்ளலாம்.

செந்தில், மதியம் 2.25
இப்போதுதான் வீட்டுக்கு வந்தேன், எல்லாம் படித்தேன். பிரபு, ஒளிக்காமல் சொல். அரசுக் கல்லூரியில் படித்தால் அந்த வேலை கிடைக்குமா?

பிரபு, 2.40
ஒளிக்கவில்லை சித்தப்பா. பட்டம் வாங்கியதுமே கோடியில் சம்பளம் என்று பேப்பரில் வருகிறதே, அந்த டிரேடிங் நிறுவனங்கள் பெரும்பாலும் ஐ.ஐ.டி. மாதிரி சில இடங்களில்தான் ஆள் எடுக்கின்றன. வெறும் பி.எஸ்சி.யோடு அந்தக் கதவு திறக்காது. அந்த 14 லட்சப் படிப்புக்கும் திறக்காது. ஆனால் வங்கிகளின் ரிஸ்க் பிரிவு, மாடல் வேலிடேஷன் என்று சென்னையிலும் பெங்களூரிலும் மும்பையிலும் வேலை இருக்கிறது. பி.எஸ்சி. முடித்து நல்ல இடத்தில் எம்.எஸ்சி. அல்லது புள்ளியியல் முதுகலையான எம்.ஸ்டாட். முடித்தால் அங்கே போகலாம். நான் சிவகாசியில் பி.எஸ்சி. படித்தவன்தானே. ஐந்து வருடம் ஆகும், அதற்கு மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. பொன்னேரியில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவரின் மகன் எஸ்.ஆர். சீனிவாச வரதன். சென்னை மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் படித்து, 1963-ல் ஐ.எஸ்.ஐ.யில் முனைவர் பட்டம் வாங்கி, அப்புறம் நியூயார்க் போனார். 2007-ல் கணிதத்துக்கான ஏபெல் பரிசு. தற்செயல் நிகழ்வுகளின் கணிதம்தான் அவருடைய துறை. நாங்கள் ஆப்ஷனுக்கு விலை போடுவதும் அந்தத் தற்செயல் கணிதத்தில்தான். மெரினா பக்கம் போகும்போது கல்லூரியைப் பிள்ளைக்குக் காட்டுங்கள்.

செந்தில், 3.02
சரி. பத்தாயிரம் கட்டவில்லை என்று அவர்களுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு வாரம் சலுகை தருகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மீனா, 3.05
ஐ.எஸ்.ஐ. விண்ணப்பம் எப்போது வரும் பிரபு? காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

பிரபு, 3.08
மார்ச் முதல் வாரத்திலிருந்து அவர்கள் தளத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள் சித்தி. நானும் பார்க்கிறேன்.

தாத்தா, மாலை 6.30
நானும் யாழினியும் வராந்தாவில் உட்கார்ந்து சுண்டினோம். வகைக்கு இருபது ஆட்டம். தலை-தலைக்கு மொத்தம் 131 தடவை. தலை-பூவுக்கு 77. ஒரு தடவை தலை-தலைக்கு மட்டும் 19 சுண்ட வேண்டியிருந்தது. எப்படி இவ்வளவு வித்தியாசம்?

யாழினி, இரவு 9.15
கண்டுபிடித்துவிட்டேன் அண்ணா! தலை-பூ கேட்கும்போது ஒரு தலை விழுந்துவிட்டால் அது கையை விட்டுப் போகாது. மறுபடி தலை விழுந்தாலும் பூவுக்குக் காத்திருந்தால் போதும். தலைக்குச் சராசரி 2, பூவுக்கு 2, மொத்தம் 4. தலை-தலையில் ஒரு தலைக்கு அப்புறம் பூ விழுந்தால் எல்லாம் போய் முதலிலிருந்து ஆரம்பம். தொடக்கத்திலிருந்து x, ஒரு தலை கையில் இருக்கும்போது y என்று வைத்து இரண்டு சமன்பாடு போட்டேன். x 6 வருகிறது, y 4.

பிரபு, 9.18
சரி. தலை-தலை-தலைக்கு?

யாழினி, 9.41
14.