மறு: ‘மரபுவழி இடுப்பு எலும்பு மூட்டழற்சி’ வேண்டாம், ‘குடிவழி இடுப்புமூட்டு நலிவு’ என்று வைப்போம்

குழுவில் உள்ள எல்லாருக்கும் வணக்கம். குடும்பத்தில் வருகிற இடுப்பு மூட்டு ஒஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் நோய்க்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று நான் கேட்டதற்கு வந்த பதில்களுக்கு இது மறுமொழி.

> ‘மரபுவழி இடுப்பு எலும்பு மூட்டழற்சி’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே, இதில் என்ன சிக்கல்?

சிக்கல் இருக்கிறது அண்ணா, சொல்லின் இரண்டு பாதியிலும் இருக்கிறது. நான் திருகோணமலையில் ஃபிசியோதெரபி வேலை பார்க்கிறவள். தம்பலகாமம், மூதூர், கிண்ணியா, நிலாவெளி என்று எல்லாப் பக்கத்துச் சனமும் எங்களிடம் வருகிறது. இந்த வருத்தத்தைப் பற்றி அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க ஒரு துண்டுப் பிரசுரம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதற்காகத்தான் இந்தச் சொல்லை இங்கே கேட்டேன். அகராதியில் சரியாக இருந்தால் மட்டும் எனக்குக் காணாது. “கவட்டுக்குள்ள குத்துது பிள்ளை” என்று வருகிற ஒரு அம்மாவிடம் அதை வாயால் சொல்லவும் வேண்டும், கேட்டுவிட்டு அவர் வீட்டில் போய் என்ன செய்வார் என்றும் பார்க்கவேண்டும்.

பின்பாதியை முதலில் எடுக்கிறேன். ‘அழற்சி’ என்றால் வீங்கிச் சிவந்து சுடுவது. முடக்குவாதத்துக்கு அது பொருந்தும், அங்கே உடலின் நோயெதிர்ப்பே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. நாம் கதைக்கிற நோயில் அழற்சி ஓரளவு உண்டு, ஆனால் மையம் அதுவல்ல. கசியிழையம், அதாவது மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு, மெலிகிறது, அதன் கீழுள்ள என்பு தடிக்கிறது, ஓரங்களில் முள் வளர்கிறது, மூட்டுறை இறுகுகிறது. காலையில் எழும்பும்போது இருக்கிற விறைப்பும் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். ‘கீல்வாதம்’ என்பதைச் சிலர் யூரிக் அமிலம் படிந்து வரும் நோய்க்கும் வைத்திருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளைக் கேட்டால் ‘அழல் கீல்வாயு’ என்பார்கள், அது அவர்கள் துறைக்குள் தன் இலக்கணத்தோடு நிற்கிற சொல், அதை இழுத்துவந்து இங்கே ஒட்டக்கூடாது.

மிச்சம் ‘தேய்மானம்’. டொக்டர்மாரும் அதைத்தான் சொல்கிறார்கள், சனத்துக்கும் விளங்குகிறது, எனக்கு ஆகவும் கோபம் வருவதும் இதில்தான். தேய்மானம் என்று கேட்டவுடன் சனம் செருப்பை நினைக்கிறது: நடக்க நடக்கத் தேயும், நடக்காவிட்டால் மிஞ்சும். காலமெல்லாம் கரைவலை இழுத்த ஒரு ஐயா, எக்ஸ்ரேயைப் பார்த்து யாரோ ‘தேய்மானம்’ என்று சொன்னதிலிருந்து கதிரையே கதி என்று இருந்திருக்கிறார். எங்களிடம் வரும்போது தொடைத் தசை கரைந்துபோயிருந்தது, மூட்டுக்கு இருந்த தாங்கலும் அதோடு போய்விட்டது. கசியிழையம் உயிருள்ள இழையம். அதற்குள் இரத்தக்குழாய் இல்லை, மூட்டு அசைந்து அமுங்கி விரியும்போதுதான் அதற்கு ஊட்டமே போகிறது. நடக்கவேண்டிய ஆளைக் கதிரையில் இருத்திவிடுகிற சொல் எனக்கு வேண்டாம்.

அதனால் ‘நலிவு’ என்கிறேன். இடுப்புமூட்டு நலிவு. மூட்டு முழுவதையும் அது அடக்கும், பாவித்ததால் வந்தது என்று குற்றம் சாட்டாது, நலிந்தது தேறவும் கூடும் என்ற எண்ணம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘சிதைவு’ என்று அக்கா ஒருவர் எழுதியிருந்தார், பாடப்புத்தகத்துக்கு அது சரி, நோயாளியின் முகத்துக்கு நேரே என்னால் சொல்லமுடியாது. எலும்பா என்பா என்ற சண்டையும் இதோடு முடிகிறது, இரண்டும் தேவையில்லை.

இனி முன்பாதி. இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘மரபுவழி’, ‘பரம்பரை’ என்ற இரண்டு சொல்லும் வேறு வேறான இரண்டு சங்கதிகளை ஒன்றாகக் கட்டிவிடுகின்றன. முதலாவது, ஊரில் நாம் சாதாரணமாகக் காண்பது. 2000ஆம் ஆண்டு வெளிவந்த பிரித்தானியப் பெண் இரட்டையர் ஆய்வு, இடுப்பு மூட்டில் இந்த நோய் வருவதில் ஆளுக்காள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 60 வீதம் பரம்பரையலகுகளை (மரபணுக்களை) சேர்ந்தது என்று கணக்கிட்டது. இதை எங்கேயோ வாசித்துவிட்டு “அம்மாவுக்கு இருந்தால் எனக்கு 60 வீதம் வருமாம்” என்று ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது. அப்படி இல்லை. அந்த 60 ஒரு சனத்தொகைக்குள் இருக்கிற வேறுபாட்டைப் பற்றிய கணக்கு, தனி ஒருவரின் தலைவிதியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஏனென்றால் இங்கே ஒரு பரம்பரையலகு வேலை செய்வதில்லை. 2021இல் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபுத் தகவலைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், இடுப்பு, முழங்கால், கை எல்லாம் சேர்த்து இந்த நோயோடு தொடர்புள்ள 100 வேறுபாடுகள் அகப்பட்டன, ஒவ்வொன்றின் பங்கும் சிறியது. ஜிடிஎஃப்5 என்ற பரம்பரையலகை எடுங்கள். அதன் தொடக்கப் பகுதியில் மரபுக் குறியீட்டின் ஒரே ஒரு எழுத்து மாறினால் மூட்டு உருவாகத் தேவையான புரதம் சற்றுக் குறைவாகச் சுரக்கும் என்று 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். குறைவாகச் சுரக்கிற அந்த வடிவம் உலகில் ஏராளமான ஆட்களிடம் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலானோர் நன்றாகத்தான் நடந்து திரிகிறார்கள். அதற்கு மேல் வயது, உடல் எடை, பழைய காயம், குழியின் ஆழம் என்று எவ்வளவோ சேரவேண்டும்.

இரண்டாவது சங்கதி வேறு. 1990இல் ஒரு குடும்பத்தில், கசியிழையத்தின் முக்கியப் புரதமான இரண்டாம் வகைக் கொலாஜனின் 519ஆம் இடத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் சிஸ்டீன் என்ற இன்னொன்று வந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஒரு விகாரம் (பரம்பரையலகில் வந்த மாற்றம்) போதும், இளம் வயதிலேயே மூட்டுகள் போகின்றன, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஐஸ்லாந்தில் 2017இல் கொம்ப் என்ற கசியிழையப் புரதத்தின் பரம்பரையலகில் ஓர் அரிய விகாரத்தைக் கண்டார்கள், அதைக் காவுகிறவர்கள் மற்றவர்களைவிடச் சராசரி 13.5 ஆண்டுகள் முந்தியே இடுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள்.

நமக்குக் கிட்டவே ஓர் உதாரணம் இருக்கிறது. கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டத்தின் சாகர் பக்கத்தில் ஹந்திகோடு என்ற ஊர். 1970களில் அங்கே கூலி வேலை செய்யும் தலித் குடும்பங்களில் இடுப்பு மூட்டு போய் நடக்கமுடியாமல் போனவர்கள் வீட்டுக்கு வீடு தென்பட்டார்கள். பூச்சிமருந்து அடித்த வயலில் பிடித்த நண்டைத் தின்றதுதான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். தம்பலகாமத்து வயல்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது உடனே நம்பினார், இங்கேயும் வயல் நண்டு சமைக்கிறோம்தானே. பிறகு குடும்ப வரைபடங்களைப் போட்டுப் பார்த்தபோதுதான் அது ஆட்சியான முறையில், அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் என்ற முறையில், தலைமுறைக்குத் தலைமுறை இறங்குகிறது என்று தெரிந்தது. சிலருக்கு இடுப்பு மட்டும், சிலருக்கு உயரமும் குறைவு.

இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் என்ன நடக்கிறது என்பதை நான் பார்க்கிறேன். கட்டிலில் மல்லாக்கப் படுக்கவைத்து, இடுப்பையும் முழங்காலையும் மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினால் ஆரம்பத்திலேயே அந்த அசைவுதான் பிடிக்கும், ஆள் முகத்தைச் சுளித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தைப் பற்றும். சப்பாணி கட்டி இருக்கவும் ஏலாது. அப்புறம் கதை வரும்: “எங்கட அம்மம்மாவும் கடைசியில இப்பிடித்தான் சரிஞ்சு சரிஞ்சு நடந்தவ.” உடனே பக்கத்தில் நிற்கிற மகளின் முகம் மாறும். அம்மம்மா எழுபது வயதில் சரிந்து நடந்ததற்கும், முப்பது வயதுக்குள் மூன்று தலைமுறை நடக்கமுடியாமல் போனதற்கும் நாம் ‘பரம்பரை வருத்தம்’ என்ற ஒரே பெயரைக் கொடுத்தால் அந்த மகளுக்கு யார் பதில் சொல்வது? கலியாணப் பேச்சிலே இந்தச் சொல் எப்படிப் போய் விழும் என்று உங்களுக்கும் தெரியும்.

எனவே இரண்டு சொல் கேட்கிறேன். பல சிறு வேறுபாடுகள் சேர்ந்து குடும்பத்தில் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதற்குக் ‘குடிச்சாய்வு’. அந்தப் பக்கம் ஒரு சாய்வு இருக்கிறது, விழுந்தே தீரும் என்றில்லை. ஒரு விகாரம் நேரே இறங்கிவருவதற்குக் ‘குடிவழி’. இரண்டிலும் ‘குடி’ இருப்பதால் ஒரே இனம் என்று தெரியும், குழம்பவும் மாட்டாது. ‘பிறவி’ என்ற சொல்லை இந்தப் பக்கமே கொண்டுவரவேண்டாம், பிறக்கும்போது இந்த மூட்டுகள் பெரும்பாலும் வெளிப்பார்வைக்குச் சரியாகவே இருக்கின்றன, பிறவி இடுப்பு விலகல் வேறு நோய்.

> அப்படியானால் பெற்றோர் இருவரும் சுகமாக இருந்து பிள்ளைக்கு மட்டும் வந்தால் அதுவும் குடிவழியா?

நல்ல கேள்வி. ஆம், ஆனால் முன்னால் ‘பின்னிடைவு’ சேர்க்கவேண்டும், பெற்றோர் இருவரிடமிருந்தும் விகாரம் வந்தால்தான் நோய் வெளிப்படும் என்பது அதன் பொருள். கறுப்புச் சிறுநீர் நோய் அப்படிப்பட்டது. சிறுநீர் வைத்திருக்க வைத்திருக்கக் கறுக்கும், கசியிழையமும் கறுத்து நொறுங்கி, முள்ளந்தண்டும் முழங்காலும் இடுப்பும் பழுதாகும். நோயாளிகளின் பெற்றோர் பலர் ஒன்றுவிட்ட சகோதரர் முறையானவர்கள் என்பதை ஆர்ச்சிபால்ட் கரொட் 1902லேயே கவனித்து எழுதினார். மச்சான் மச்சாள் கலியாணம் நம் ஊர்களில் வழக்கம், அதனால் குடும்ப வரைபடம் போடும்போது உறவுக்குள் நடந்த கலியாணத்தைக் காட்டும் இரட்டைக் கோட்டை மறக்காமல் போடவேண்டும், அதைப் போட்டுவிட்டு ஆரையும் குற்றவாளி ஆக்காமல் கதைக்கவும் வேண்டும்.

சொல் மென்மையாக இருந்தால் ஆட்கள் அலட்சியமாக இருப்பார்கள் என்று ஒருவர் பயப்பட்டிருந்தார். அந்தப் பயம் நியாயமானது. 2011இல் ஸ்மாட்3 என்ற பரம்பரையலகில் விகாரமுள்ள குடும்பங்களை விவரித்தார்கள், இளம் வயது மூட்டு நலிவோடு பெருநாடி வீங்கி வெடிக்கிற ஆபத்தும் சேர்ந்து வருகிறது. இப்படியான வீட்டில் மூட்டு நோ என்று வருகிறவரை இதய கிளினிக்குக்கும் அனுப்பவேண்டும். இரண்டு சொல்லாகப் பிரித்து வைத்தால்தான் இந்த எச்சரிக்கையைக் குடிவழியோடு மட்டும் கட்டமுடியும், இல்லாவிட்டால் முதுமையில் நொண்டுகிற எல்லாருடைய பிள்ளைகளையும் பயமுறுத்தவேண்டி வரும்.

பரம்பரையலகா மரபணுவா, விகாரமா சடுதிமாற்றமா என்ற பழைய வழக்கை நான் திறக்கவில்லை. இங்கே பிள்ளைகள் பாடசாலையில் பரம்பரையலகு என்று படிக்கிறார்கள், தமிழ்நாட்டில் மரபணு, பதிவில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

என் வரைவு இது. குடிச்சாய்வு இடுப்புமூட்டு நலிவு: பல பரம்பரையலகுகளின் சிறு பங்குகளோடு வயதும் எடையும் சேர்ந்து, குடும்பத்தினரிடையே கூடுதலாகக் காணப்படும் இடுப்புமூட்டு நோய். குடிவழி இடுப்புமூட்டு நலிவு: ஒரு பரம்பரையலகின் விகாரத்தால், பெரும்பாலும் இளவயதில் தொடங்கி, தலைமுறைவழியே இறங்கும் இடுப்புமூட்டு நோய், ஆட்சி, பின்னிடைவு என இருவகை.

மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், மலையகப் பக்கத்து ஆட்கள் தங்கள் ஊரில் முதியவர்கள் இந்த நடைக்கும் இந்தக் குத்துக்கும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ‘குடி’ என்பது மட்டக்களப்பில் தாய்வழிக் குடியைக் குறிக்கும் என்பதால் அங்கே இது தாய்ப்பக்கம் மட்டும் வருகிற நோய் என்று விளங்கிவிடுமோ என்ற ஒரு யோசனை எனக்கு இருக்கிறது, அந்தப் பக்கத்து ஆட்கள் அப்படித்தான் விளங்கும் என்றால் ‘குடும்பச்சாய்வு’, ‘குடும்பவழி’ என்று மாற்றிக்கொள்ள நான் தயார்.