பழைய வீடு, 15,000 ரூபா பட்ஜெட்: ஹாலும் நடு ரூமும் பாக்கற மாதிரி ஆக்க ஐடியா சொல்லுங்க

தண்டையார்பேட்டை மருமக:

எல்லாருக்கும் வணக்கம். எங்களுது தண்டையார்பேட்டைல மாமனார் கட்டுன வீடு, நாங்க கீழ் போர்ஷன். தெருவ பாத்து ஹால், அதுக்கு அப்பறம் நடு ரூம், அப்பறம் கிச்சன்னு ரயில் பொட்டி மாதிரி நேரா உள்ள போயிகிட்டே இருக்கும், ரெண்டு பக்கமும் பக்கத்து வீட்டு சுவரு ஒட்டியிருக்கறதால நடு ரூம்ல மத்தியானம் பன்னெண்டு மணிக்கும் லைட் போட்டாதான் ஆச்சு. மாமியார், நாங்க ரெண்டு பேரு, ரெண்டு பசங்க. பெரியவ ப்ளஸ் ஒன், ஃப்ரெண்ட்ஸ் வீட்டுக்கெல்லாம் போறா ஆனா யாரையும் இங்க கூட்டிட்டு வரமாட்டேங்குறா, கேட்டா "நம்ம வீடு இருக்கற இருப்புக்கா"ன்னு கேக்குறா. அதுல இருந்துதான் எனக்கு மண்டைக்குள்ள ஓடிகிட்டே இருக்கு.

பிரச்சன என்னன்னா சுவத்துல கீழ ரெண்டு மூணு அடிக்கு பெயிண்ட் பொரிஞ்சு பொரிஞ்சு கொட்டுது, வெள்ளையா மாவு மாதிரி வருது, தெனமும் பெருக்கறேன். நாத்தனார் பிவிசி பேனல் ஒட்டுனா எல்லாம் மறைஞ்சிடும்னு வீடியோ அனுப்புனாங்க. ஹால்ல ரெட் ஆக்சைட் தரை, அது மேல டைல்ஸ் டிசைன் ஷீட் விரிக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு. மாமியாரோட இரும்பு பீரோ துரு ஏறி நிக்குது, ரெண்டு ட்ரங்க் பொட்டி, எதையும் தூக்கிப்போட விடமாட்டாங்க. தெருவுல கண்டெய்னர் லாரி போற புழுதி வேற. கையில 15,000 இருக்கு, பொங்கலுக்குள்ள முடிக்கணும். எதுல இருந்து ஆரம்பிக்கறது?

மணலி புதுசு:

சிஸ்டர் யோசிக்காம பேனல் போட்டுடுங்க. ஒரே நாள் வேல, தூசி கெடையாது, மார்பிள் டிசைன், மர டிசைன் எல்லாம் வருது. எங்க ஃபர்ஸ்ட் ஃப்ளோர் ஹால்ல ஒரு பக்கம் மட்டும் போட்டோம், வர்றவங்க எல்லாம் எங்க வாங்குனீங்கன்னுதான் கேக்குறாங்க. ஒரு சுவருக்கு மட்டும் போட்டா உங்க பட்ஜெட்லயே வரும்.

பிரஷ்ஷு_வியாசர்பாடி:

யக்கா சொல்றன்னு கோச்சுக்காத, பேனலு கீனலு ஒண்ணியும் வாணாம். அவரு வூடு ஃபர்ஸ்ட் ஃப்ளோரு, சுவரு காஞ்சிருக்கும், அங்க போட்டா நிக்கும். உன்னுது கீழ் வூடு. எங்கப்பா காலத்துலேர்ந்து நாங்க பெயிண்ட் வேலதான், இந்த ராயபுரம் காசிமேடு தண்டையார்பேட்ட சைடுல பழைய வூடு எதுக்குள்ள போனாலும் இதே கததான். மாவு மாதிரி கொட்டுதுன்ற பாரு, அது பெயிண்ட் கோளாறு இல்ல, உப்பு. தரைக்கு அடியில கீற ஈரத்த செங்கல்லு உறிஞ்சி மேல ஏத்துது, கூடவே உப்பும் ஏறுது, தண்ணி காஞ்சி போயிடும், உப்பு எங்க போவும், சுவத்துலயே பூத்துகினு பெயிண்ட வெளிய தள்ளும். அது மேல பேனல ஒட்டுனா ஈரம் போறதுக்கு வழி இல்லாம இன்னும் மேல ஏறும், பின்னாடி கருப்பா பூஞ்சான் புடிக்கும். சிமெண்ட் பூசுனாலும் அதேதான், இன்னிக்கி ரெண்டு அடில கீறது நாளைக்கி நாலு அடிக்கு போவும்.

மொதல்ல டெஸ்ட் பண்ணு. ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்ட வெட்டி சுவத்துல வெச்சி நாலு பக்கமும் டேப்பு ஒட்டிடு. ரெண்டு நாள் கயிச்சி பாரு. சுவத்த ஒட்டுன பக்கம் துளி துளியா நின்னா ஈரம் உள்ளேர்ந்து வருது. ரூம் பக்கம் வேர்த்திருந்தா காத்தோட்டம் பத்தல, ஃபேன போட்டு கதவ தொறந்து வெச்சாலே பாதி சரியாவும். பாத்ரூம் பைப்பு, வாசல் டேப்பு எதுனா லீக் ஆவுதான்னும் பாத்துரு, சில வூட்ல அது ஒண்ண அடைச்சாலே முடிஞ்சி போவும்.

உப்ப தண்ணி ஊத்தி கயுவாத, மூஞ்சில துணி கட்டிகினு காஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சி, வுழுறத பேப்பர்ல புடிச்சி வெளிய கொட்டிடு. தண்ணி பட்டா கரைஞ்சி மறுக்கா உள்ளதான் போவும்.

அப்பால பொங்கலுக்குள்ள பெயிண்ட் அடிக்கறத மறந்துடு. ஐப்பசி கார்த்திக மழ மொத்தமும் குடிச்சிட்டு நிக்கற சுவரு அது. மாசி பங்குனில அடி. போகிக்கு முன்னாடி எங்காளுங்க ஒருத்தன் கூட கையில சிக்க மாட்டான், சிக்கனாலும் ஈர சுவத்து மேலயே உருட்டிட்டு துட்டு வாங்கிகினு போயிடுவான்.

பெரம்பூர் அலமேலு:

அண்ணன் சொல்றது கரெக்ட். எங்க அக்கா வீட்ல கீழ பேனல் போட்டாங்க, போட்டுக்குடுத்தவங்க "வாட்டர்ப்ரூஃப் மேடம்"னு சொன்னாங்க, பேனல் வாட்டர்ப்ரூஃப்தான், சுவரு இல்லையே! ஒரு மழைக்கு அப்பறம் ரூம்ல ஒரே முக்க நாத்தம், கழட்டி பாத்தா பின்னாடி ஃபுல்லா கருப்பு.

எனக்கு என்ன தோணுதுன்னா பொங்கலுக்குள்ள பெயிண்ட் இல்லாமயே நெறைய பண்ணலாம். துணில ஆரம்பிங்க. தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறுனா மூணாவது ஸ்டேஷன் மண்ணடி, அங்கேருந்து கோடவுன் தெரு பக்கந்தான், ஞாயித்துக்கெழம போவாதீங்க பாதி ஷட்டர் மூடியிருக்கும். ரெடிமேட் கர்ட்டன் பாலியஸ்டர்ல பளபளன்னு வரும், அத விடுங்க, காட்டன்ல கட்டம் போட்ட கைலி துணி மாதிரி மீட்டர் கணக்குல வாங்கி நீங்களே டெய்லர்ட்ட குடுங்க. ஜன்னல் அகலம் நாலு அடின்னா துணி எட்டு அடி வேணும், அப்பதான் மடிப்பு வுழும், இல்லன்னா போர்வைய காயப்போட்ட மாதிரி இருக்கும். தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ நனைச்சு காயவைங்க, காட்டன் சுருங்கும். லாரி புழுதிக்கு மெரூன், கருநீலம் இதெல்லாம்தான் தாங்கும், கிரீம் கலர் பக்கமே போவாதீங்க, கழட்டி தோய்க்க சுலபமா ரிங் வெச்சு தைக்க சொல்லுங்க.

ட்ரங்க் பொட்டிய ஏன் தூக்கிப்போடணும்? ரெண்டையும் ஹால் ஜன்னலுக்கு கீழ ஒண்ணா போட்டு மேல ரெண்டு இஞ்ச் ஃபோம் வெட்டி அதே கைலி துணில உறை போட்டுடுங்க. பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் உக்காரலாம், மாமியார் சாமானும் உள்ள பத்திரமா இருக்கும். அவங்களுக்கும் சந்தோஷம்.

தரை மேல ஷீட்டு வேண்டவே வேண்டாம்ப்பா ப்ளீஸ். ரெட் ஆக்சைடெல்லாம் இப்ப காசு குடுத்து புதுசா போடறாங்க. கீழ ஈரம் இருக்கற வீட்ல ஷீட்ட விரிச்சா அடியில வேர்த்து பூஞ்சான் கட்டும். நல்லா தொடைச்சு காஞ்சப்பறம் துணில ரெண்டே சொட்டு தேங்காண்ண விட்டு தேய்ங்க, அப்பறம் காஞ்ச துணியால இன்னொரு தடவ அழுத்தி தேய்க்கணும், இல்லன்னா மாமியார் வழுக்கி வுழுந்துடுவாங்க.

டியூப்லைட்:

நடு ரூம் பத்தி யாரும் பேசலியே. அங்க இப்ப என்ன லைட் இருக்கு? பல்பு அட்டைல 6500கேன்னு போட்டிருந்தா அதுதான் அந்த நீல வெள்ள வெளிச்சம், ஆஸ்பத்திரி வராண்டா எஃபெக்ட், எவ்ளோ செலவு பண்ணாலும் ரூம் செத்துதான் தெரியும். நடு ரூமுக்கு 4000கே போடுங்க, ஹால் மூலைக்கு 3000கே மஞ்ச. ஒரே லைட்ட உச்சில மாட்டறதுக்கு பதிலா எதிர் எதிர் சுவத்துல ரெண்டு சின்னது மாட்டுனா நிழல் வுழாது, பசங்க படிக்கவும் நல்லா இருக்கும். காசி செட்டி தெருல டெக்கரேஷன் லைட் கொட்டிக் கெடக்கும், சும்மா பாக்கலாம், ஆனா தெனமும் எரியற பல்பு மட்டும் வாரண்டியோட தெரிஞ்ச கடைல வாங்குங்க. ஒயரு சுவத்துல தொங்குச்சுன்னா பிவிசி கேசிங் போட்டு மூடுங்க, ஈர சுவருன்னு சொல்றீங்க, கீழ இருக்கற சுவிட்ச் பாக்ஸ எலக்ட்ரீஷியன விட்டு பாக்க சொல்லுங்க, இதுல மட்டும் காசு மிச்சம் புடிக்காதீங்க.

ஹாலுக்கும் நடு ரூமுக்கும் நடுவுல இருக்கற கதவ பகல்ல தொறந்தே வெச்சு, அந்த கதவுக்கு நேர் எதிர் சுவத்துல ஒரு பெரிய கண்ணாடி மாட்டுங்க. தெரு ஜன்னல் வெளிச்சம் உள்ள வரைக்கும் வரும். புதுசு வாங்க வேணாம், பழைய டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடி இருந்தாலே போதும், ஃப்ரேமுக்கு மட்டும் பெயிண்ட் அடிங்க.

தண்டையார்பேட்டை மருமக:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். பாலிதீன் ஒட்டி பாத்தேன், சுவத்துப் பக்கந்தான் தண்ணி நிக்குது, நாத்தனாருக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பிட்டேன், பதில் இல்ல. ட்ரங்க் பொட்டி ஐடியாவுக்கு மாமியார் ஓகே சொல்லிட்டாங்க, ஆனா உறை என்ன கலர்னு அவங்கதான் முடிவு பண்ணுவாங்களாம். வியாசர்பாடி தம்பி, மாசில என்ன அடிக்கறது, எவ்ளோ வாங்கணும்? பீரோவுக்கு என்ன பண்றது?

பிரஷ்ஷு_வியாசர்பாடி:

யக்கா பீரோவ இப்பவே பண்ணலாம், அதுக்கு மாசி வரைக்கும் காத்துகினு இருக்க வாணாம், மப்பு இல்லாத நாளா மட்டும் பாத்துக்க. வாசல்ல வெச்சி எமரி ஷீட்டால துரு போற வரைக்கும் தேய்க்கணும், வெறும் இரும்பு தெரியணும், துரு மேலயே அடிச்சா ஆறு மாசத்துல கொப்புளம் கட்டிரும், நம்ம கடக்காத்து அப்பிடி. தொடைச்சிட்டு இரும்புக்கு அடிக்கற ரெட் ஆக்சைட் பிரைமர் ஒரு கோட், நல்லா காஞ்சப்பறம் எனாமல் ரெண்டு கோட், மெல்லிசா. கலர உன் பொண்ண எடுக்க சொல்லு, கெயவிய எடுக்க சொன்னா மறுக்கா பச்சதான் வரும்.

சுவத்துக்கு, மேல் பக்கம் எமல்ஷன் அடி, கீழ உப்பு பூக்கற உயரத்துக்கு மேல ஒரு அடி சேத்து கணக்கு பண்ணி அது வரைக்கும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு ஈரத்த வெளிய வுடும், அதான் விசயம். உப்பு அடியோட நின்னுரும்னு சொல்ல மாட்டன், ஆனா பாளம் பாளமா பேந்து வராது, வருசா வருசம் போகிக்கு நீயே ஒரு கை அடிச்சிக்கலாம், அதுக்கு ஆளு கூட வாணாம். ஆனா பழைய பெயிண்ட் மேல அடிச்சா நிக்காது, சுத்தமா சொரண்டி பூச்சு தெரியணும். கல்லு சுண்ணாம்ப தண்ணில போட்டு நீத்தும்போது சும்மா தளபுளன்னு கொதிக்கும், பிளாஸ்டிக் பக்கெட்ல பண்ணாத, பசங்கள கிட்ட வுடாத, கையில கிளவுஸ் கண்ணுல கண்ணாடி. ராவுக்கு ஊற வெச்சி காலைல பழைய வேட்டில வடிகட்டி, கொஞ்சம் வடிச்ச கஞ்சி, ஒரு சிட்டிக நீலம். தண்ணியா இருக்கணும், கெட்டியா அடிச்சா வெடிச்சி கொட்டும். அடிக்கசொல்ல மங்கலாதான் தெரியும், காஞ்சாதான் வெளுக்கும், அத பாத்து பயந்து மேல மேல பூசாத.

அளவு கேட்ட இல்ல. நடு ரூம் பத்துக்கு பத்து, பத்து அடி ஒயரம்னு வெச்சிக்க, நாலு சுவரு 400 சதுர அடி. கதவு ஷெல்ஃபு போவ 350. ரெண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 100 சதுர அடின்னு நான் போட்டுப்பன், நாலு லிட்டர் டப்பா ஒண்ணு போதும், கீழ சுண்ணாம்புன்றதால மிச்சமே வரும். கடைக்காரன் பத்து லிட்டர் வாங்கு சீப்புன்னு சொல்லுவான், கேக்காத. கலர் மிஷின்ல கலக்கறப்ப கோட் நம்பர் டப்பா மேலயே எயுதி வாங்கிக்க, அப்பால டச்சப்புக்கு வோணும்.

மணலி புதுசு:

கீழ் வீடுன்னு கவனிக்கல சிஸ்டர், அண்ணன் சொல்ற மாதிரியே பண்ணுங்க. ஆனா சீலிங்ல பேனல் போடலாம்ல?

பிரஷ்ஷு_வியாசர்பாடி:

மேல மெட்ராஸ் டெரஸ்ஸா காங்கிரீட்டான்னு யக்கா சொல்லவே இல்லியே. மர உத்தரம் போட்ட டெரஸ்ஸா இருந்தா மூடாத நைனா, ஒழுகுதா கரையான் புடிச்சிதான்னு கண்ணுக்கு தெரியணும்.

தண்டையார்பேட்டை மருமக:

ஹால் உத்தரந்தான், தேக்கு. நடு ரூம் அப்பறமா காங்கிரீட் போட்டது. உத்தரத்துக்கு வார்னிஷ் அடிக்கலாமா தம்பி, இல்ல அப்படியே விடட்டுமா?